மூன்றாவது உபசாரம்

வருகிற பிப்ரவரியில் பெண்டாட்டியைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிடுவது என்று ஓரின் முடிவு கட்டினான். பிறகு ஒரு காப்பி குடித்துவிட்டு யோசித்ததில், கேட்டுவிட்டே செய்யலாம் என்று மாற்றிக்கொண்டான். எத்தனை தரம் கேட்பது என்பதில்தான் சூட்சுமம்.

உறைந்த ஏரியின் மேல் இழுத்துப்போய் நிறுத்துகிற மீன்பிடிக் குடில் ஒன்று விலைக்கு வந்திருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, தரையில் நாலு துளை. படுத்தபடியே தூண்டில் போடலாம். மனிதப் பிறவி எடுத்ததற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பெண்டாட்டி லவோனுக்கோ அரிசோனாவில் ஓர் அக்கா. அங்கே பிப்ரவரியில் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்காரலாமாம். கையில் இருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். ஒன்று குடில், இல்லாவிட்டால் அக்கா.

வீட்டுக்குள் இந்தப் பேச்சை எடுத்தால் தோல்வி நிச்சயம். முப்பத்தொரு வருஷ அனுபவம் அப்படி. ஆகவே ஓரின் பாஸ்டரையும் பாஸ்டரம்மாவையும் சனிக்கிழமை ஏரிக்கரை உணவகத்துக்கு அழைத்தான். வெளியே சாப்பிடும்போது லவோன் மரியாதையே உருவானவள். உட்கார்ந்ததும் மடியில் துணியை விரிப்பாள். உப்பைக் கேட்டால் மிளகுக் குப்பியையும் சேர்த்தே நகர்த்துவாள். வாயில் கவளம் இருந்தால் வீடு தீப்பற்றினாலும் விழுங்கிவிட்டுத்தான் கத்துவாள். அந்த மரியாதையைக் கொண்டே அவளை மடக்குவது ஓரினின் திட்டம்.

மினசோட்டாவில் யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கேட்டதும் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தரமே கையை நீட்டுகிறவன் ஆலாய்ப் பறக்கிறவன். மூன்றாம் தரமும் மறுக்கிறவன் கோபித்துக்கொண்டவன். சரி, இரண்டு தரம் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவன்? அப்படி ஒருவன் அந்த ஊரில் இதுவரை பிறக்கவில்லை. அந்தக் குறையைத் தானே தீர்த்துவைப்பது என்று ஓரின் கிளம்பினான்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கெல்லாம் நாலு பேரும் மேசையில். தட்டுக்குத் தட்டு கனத்த மாட்டிறைச்சித் துண்டு. ஓரின் வலக்கையால் ஒரு துண்டு வெட்டினான். கத்தியை வைத்தான். முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றினான். எல்லாம் முறைப்படி. பிறகு தொண்டையைச் செருமினான்.

"லவோன், நானும் யோசிச்சுப் பாத்தேன். பிப்ரவரில நீ அரிசோனாவுக்குப் போய்ட்டு வாயேன்."

பாஸ்டரம்மா மார்லிஸ் உருகிப்போனாள். "என்ன ஒரு மனசு பாருங்க!"

லவோன் தலையைக் குனிந்துகொண்டாள். "அதெல்லாம் எதுக்கு ஓரின்? இங்க என்ன அப்படிக் குளிர் அடிக்குது."

அன்று காலை காரின் கதவு உறைந்துபோய்த் திறக்கவே இல்லை. ஓரின் மனசுக்குள் ஒன்று என்று எண்ணிக்கொண்டான்.

"நெசமாத்தான் சொல்றேன். போய்ட்டு வா."

"வேணாம்ப்பா. நான் போய்ட்டா உனக்கு யாரு சமைப்பா?"

இரண்டு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"சரி. நீயே வேணாம்ங்கறப்ப நான் என்ன பண்றது? யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, இல்லீங்களா பாஸ்டர்?" என்று சொல்லி ஓரின் அடுத்த துண்டை வெட்டினான்.

வருகிற தும்மல் பாதியில் நின்றுபோனவர்களைப் போல மற்ற மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினார், குடிக்காமல் வைத்தார். மார்லிஸ்தான் பாவம், துடித்துப்போனாள். சபைக் கூடத்தில் இருபது வருஷமாகக் காப்பி ஊற்றுகிறவள். இரண்டு தரம் கேட்டுவிட்டு ஒருவரையும் காப்பியில்லாமல் அனுப்பியது கிடையாது.

"அவர்தான் இவ்வளவு சொல்றாரே லவோன். போய்ட்டுத்தான் வாங்களேன்," என்றாள், தாங்க முடியாமல்.

லவோன் நிமிர்ந்தாள். "சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்லும்போது... போறேன் பாஸ்டரம்மா."

மேசையே மூச்சு விட்டது. ஓரினின் கத்தியும் முள்கரண்டியும் தாமாகத் தட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து படுத்துக்கொண்டன. சாப்பிட்டாயிற்று என்று அதற்கு அர்த்தம். பரிமாறும் பெண் ஓடி வந்து, பாதி இறைச்சியோடு தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ரொட்டிக் கூடையில் சர்க்கரைப்பாகு பூசிய கேரமல் ரோல் ஒன்று மிஞ்சியிருந்தது. கடைசித் துண்டை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். லவோன் அதை இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதி பாஸ்டருக்கு, ஒரு பாதி மார்லிசுக்கு. மூன்று தரம் உபசரித்து, அவர்கள் வாயில் போட்டுக்கொள்ளும் வரை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். கேரமல் ரோல் லேசில் விழுங்கக்கூடிய வஸ்து அல்ல. பல்லைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஓரின், உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். அக்கா டிக்கெட் எடுத்து அனுப்பிட்டா. நம்ம பணம் அப்படியே இருக்கு. நீ அந்தக் குடிலை வாங்கிக்கோயேன்."

ஓரினுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாலு துளையும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் ஐம்பத்தெட்டு வருஷத்து வாய் அவனைக் கேட்டுக்கொண்டா திறக்கும்?

"சேச்சே, எனக்கு எதுக்கு?"

"நெசமாத்தான். வாங்கிக்கோ."

"வேணாம் லவோன். வாளியக் கவுத்துப்போட்டு உக்காந்தா மீன் வராதா என்ன?"

இரண்டு ஆயிற்று. ஓரின் மூன்றாவதற்காகக் காத்திருந்தான். லவோன் மிளகுக் குப்பியை உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் ஒழுங்காக நகர்த்திவைத்தாள். ஓரின் பாஸ்டரைப் பார்த்தான். தாடை அசைந்துகொண்டிருந்தது. மார்லிசைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். அவள் கண்ணில் இரக்கம் இருந்தது, வாயில் ரோல் இருந்தது. வாயில் உணவை வைத்துக்கொண்டு பேச அவள் என்ன காட்டிலா பிறந்தாள்? கனிவாகத் தலையை ஆட்டினாள். தலையாட்டல் கணக்கில் சேராது.

"சரி. நீயே வேணாம்ங்கறப்ப நான் என்ன பண்றது?" என்றாள் லவோன். "யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அப்ப அந்தப் பணத்துல உனக்கும் ஒரு டிக்கெட் போட்டுடலாம். அக்கா வீட்டு வேலிக்கு பெயிண்ட் அடிக்கணுமாம். நீயும் வா."

ஓரின் பதறிவிட்டான். "வேணாம் வேணாம். எதுக்கு?"

"அட, சும்மா வா ஓரின்."

"நெசமாவே வேணாம் லவோன். மரியாதைக்குச் சொல்லலை. எனக்கு வெயில் ஆகாது."

இந்த முறை இரண்டோடு நின்றுவிடும் என்று அவனுக்கு உயிர் வந்தது. அப்போது மார்லிஸ் மென்று விழுங்கி, மடித்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டாள்.

"அவங்கதான் இவ்வளவு ஆசையா கூப்பிடறாங்களே ஓரின். போய்ட்டுத்தான் வாங்களேன்."

"சரி," என்றான் ஓரின், "நீங்க இவ்வளவு தூரம் சொல்லும்போது..."