டென்னிசுக்கு வாய்க்காத சோகம்

தலைவலி வந்தால் மாத்திரை போடுகிறவர்கள் ஒரு ரகம். வந்த தலைவலியைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களுக்குத் துக்கப்பிரியர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கல்யாணப் பந்தியில், மின்சார ரயிலில், ரேஷன் கடையில் நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் கிடாரும் வைத்திருப்பவர் ராயபுரம் டென்னிஸ்.

அவர் பாடுவது ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்திக் காட்டு வெயிலில் வெந்தவர்கள் வயிறெரிந்து பாடிய பாட்டு. தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் அறுத்து வாங்கிய இரும்புக் குழாய்த் துண்டைச் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பிகளின்மேல் வழுக்கவிட்டால், கிடார் மனுஷக் குரலில் விம்மும். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாதா கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, கல்யாணக் கச்சேரிகளில் மெருகேறி, இப்போது தானே பாட்டுக் கட்டி, ஊரின் தென்கோடிக் காபிக் கடைகள்வரை போய்ப் பாடுகிறார்.

குறை வேறு இடத்தில். ப்ளூசுக்குக் கஷ்டம் வேண்டும். டென்னிசுக்கு அது இல்லை! அப்பா வைத்த புளி மண்டியை மனைவி மகிமா ஜோராக நடத்துகிறாள். சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, வேளாவேளைக்கு வஞ்சிர வறுவல். இப்படிப் பாழாய்ப்போன சுகத்தில் கிடக்கிற மனுஷன் எதைத்தான் பாடுவார்?

முயலாமலில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கரையில் போய் உட்கார்ந்து பார்த்தார். வலையில் மீனைவிடச் சேறு அதிகம் வந்ததை உதறிக்கொண்டிருந்த ஒருவர், “இன்னா நைனா, வூட்ல பேஜாரா? துன்னியா?” என்று கேட்டு, சுட்ட மீன் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். வயிறு நிறைந்ததும் வந்த சோகமும் போய்விட்டது.

கடைசியில் சுலபமான வழி ஒன்றைப் பிடித்தார். மனைவி ஓடிப்போனதாகப் பாட்டுக் கட்டினார். ‘போய்ட்டாளே, காசிமேட்டுக் காத்தாட்டம் போய்ட்டாளே!’ பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. ராயபுரம் முழுக்கக் கைபேசிகளில் ஓடிற்று.

மறுநாள் மீன்காரி சிலுவையம்மாள் கூடையோடு மண்டி வாசலில் வந்து நின்றாள். “இன்னாமே மகிமா, நீ இங்கதான் கீறியா? நீ பூட்டேன்னு உம் புருசன் கதறிக்கினு கீறாரே! யாரும்மே அவன்?”

அன்று சாயங்காலம் மகிமா கணவனிடம் சொன்னாள். “ஏங்க, அந்தப் பாட்ட நிறுத்துங்க. கோயில்ல எல்லாரும் என்னத்தான் பாக்குறாங்க.”

“அது கலை மகிமா. உனுக்குப் புரியாது.”

“அப்டியா? அப்ப பாட்டு பொய்யாவக் கூடாது.” பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு மீஞ்சூர் ரயில் ஏறிவிட்டாள்.

ஆஹா! வாய்த்துவிட்டதல்லவா, அசல் சோகம்? டென்னிஸ் கிடாரை மடியில் வைத்தார். குழாயை மாட்டினார். ஒரு சுரம்கூட எழும்பவில்லை. மண்டி ஆட்கள் சாவி கேட்டார்கள். அடுப்படியில் உப்பு எங்கே என்று தெரியவில்லை. வாசலில் அவள் செருப்பு விடுகிற இடம் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மனுஷன் அழுதார். சுருதி சேராமல், மூக்கு ஒழுக, கைதட்ட ஆளில்லாத அழுகை. கேட்டிருந்தால் உங்களுக்கும் பாவமாக இருந்திருக்கும்.

அடுத்த ரயிலில் மீஞ்சூர் போய் மாமியார் வீட்டு வாசலில் நின்றார். “வந்துடு மகிமா. மாதா மேல சத்தியமா இனிமே அந்தப் பாட்டு பாட மாட்டேன்.” வீங்கிய கண்ணைப் பார்த்து மகிமா இரங்கிக் கிளம்பினாள்.

திரும்பும் ரயிலில் டென்னிசின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

“இன்னாது அது?”

“ஒண்ணுமில்ல. மீஞ்சூர் டேசன்ல ஒர்த்தன் தனியா நின்னுகினு...”

“பாடுங்க. ஆனா கடைசில நான் வந்துட்டேன்னு முடியணும்.”

“அப்டி முடிஞ்சா ப்ளூஸ் இல்லியே மகிமா!”

மகிமா பெட்டியைக் கையில் எடுத்தாள். “அடுத்த டேசன்ல எறங்கிக்கவா?”

டென்னிஸ் அவசரமாகக் கடைசி அடியை மாற்றினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று யாரோ ‘சௌக்கியமா?’ என்று கேட்டதற்கு, ‘ஏதோ ஓடுது’ என்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டீர்களே, நல்ல சுருதியில்தான் இருந்தது. உள்ளே உங்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தவருக்கும் அது கேட்டது. எதற்கும் எழுந்து போய், வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.