பதினோராவது கேள்வி

சிவன்மலை முருகன் துணை

அருள்புரம்,
13.9.2006

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அப்பா மருதாசலம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் நாலு நாளாக உன் செல்லுக்கு அடிக்கிறேன், நீ எடுப்பதில்லை. என் மேலுள்ள கோபத்தை ஹாஸ்டல் சாப்பாட்டில் காட்டாதே.

உன் ஆராய்ச்சியைக் கெடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். பனியன் கம்பெனி ஆட்களின் மனக்கஷ்டத்தைப் பற்றிய கேள்வித்தாள், அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க முதலில் உங்கள் கீழே வேலை செய்கிற நாற்பது பேரிடம் கொடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தாய். எனக்கு இருபத்திரண்டு வருஷச் செக்கிங் சூப்பர்வைசர் புத்தி. தேனிப் பக்கத்துக் கருத்தம்மா தாளை வாங்கியதுமே, "அண்ணே, நெசத்தப் போடவா, நல்லதப் போடவா?" என்று கேட்டாள். "நல்லதையே போடு அம்மிணி, புள்ள படிப்பு விசயம்" என்றேன். பதினோராவது கேள்வி, 'உங்கள் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டுவாரா?' அதற்கு ஆறு பேர் 'சில சமயம்' என்று டிக் அடித்திருந்தார்கள். டேமேஜ் பீஸுக்கு ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன், 'ஒருபோதும் இல்லை' என்று திருத்தி வந்துவிட்டது. உன் கைடு நிர்மலா மேடம், "இது கம்பெனியா, கைலாசமா?" என்று கேட்டதாக அம்மாவிடம் அழுதாயாமே. நாற்பது பேரும் ஒரே பதில் போட்டால் அந்தக் கேள்வித்தாள் எதையுமே அளக்கவில்லையாம், வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கானது வராவிட்டால் இந்த வருஷம் தீசிஸ் கிடையாதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை அதே நாற்பது பேருக்கும், நீ அம்மாவிடம் சொல்லியனுப்பியபடியே நடந்தது. தாளில் பேர் எழுதக்கூடாது, ஒட்டிய அட்டைப்பெட்டியில் போட வேண்டும், நான் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. சாப்பாட்டு நேரம் முழுக்க எதிர் டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன எழுதுகிறார்களோ என்று கம்பெனி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எல்லோரும் சிரிக்கிற சத்தம் வேறு, எந்தக் கேள்விக்கோ தெரியவில்லை கண்ணு. கடைக்காரர் சாமியப்பன், "ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்றார்.

"இல்லீங்க, பரிச்ச நடக்குதுங்க."

"புள்ளைக்குங்களா?"

"இல்லீங்க, எனக்குங்க."

பெட்டியை அப்படியே கூரியரில் அனுப்புகிறேன். நான் பிரிக்கவே இல்லை, முருகன் மேல் ஆணை. மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல். வருஷம் வீணாகாமல் நீ பட்டம் வாங்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு.

இப்படிக்கு,
அப்பா மருதாசலம்

பி.கு.: முருகன் மன்னிக்கட்டும், பிரித்துவிட்டேன். மறுபடி ஒட்டியும் விட்டேன். யார் பதிலிலும் கை வைக்கவில்லை. பதினோராவது கேள்விக்கு இருபத்தொன்பது பேர் 'எப்போதும்', பத்துப் பேர் 'அடிக்கடி'. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. 'ஒருபோதும் இல்லை' என்று இரண்டு தாள் இருக்கும். ஒன்று ஒட்டும்போது நான் போட்டது, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், அதை எடுத்து வீசிவிடு. இன்னொன்று யாருடையது என்று டிக் அடித்த தினுசை வைத்து மேடத்தால் கண்டுபிடிக்க முடியுமா? அந்தப் புண்ணியவானுக்கு ஒரு டீயாவது வாங்கித் தர வேண்டும்.