வெள்ளவத்தையில் இமயப் பயண ஆயத்தம்

இமயமலை இன்னும் அடங்காமல் நிற்பதற்கு ஒரே காரணம், அது எங்கள் கடலோர வெள்ளவத்தையிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதே. இக்குறையை நிவர்த்திக்கவே 1937ஆம் ஆண்டு எங்கள் 'இமயப் பயண ஆயத்தக் கழகம்' உதயமானது. இரண்டு வருட ஓயாத ஆயத்தத்தின் பின், மாடி அறையில் கூடிய அவசரக் கூட்டத்துக்குச் சமுகமளித்தோர்:

தலைவர் ஒஸ்வால்ட், மின்விசிறிக்கு நேர்கீழே, கம்பளிச் சால்வையுடன். வியாபாரி ஹாஷிம், யன்னலோரம், இரு கால்களும் ஐஸ் வாளிக்குள். ஐறீன் டீச்சர், முதலுதவிப் பெட்டியின் மேல். அவரை எழுப்ப எவரும் துணியாததால் பெட்டி இன்றுவரை திறக்கப்படவில்லை. செயலாளராகிய நான், மேசைக்குப் பின்னால். கழக ஊழியர் பழனிமுத்து நின்றுகொண்டிருந்தார். அமர்ந்தோரை மட்டுமே குறிப்பேட்டில் பதிவது எங்கள் வழக்கம்.

முதல் விடயம், அவருடைய நான்கு நாள் லீவு விண்ணப்பம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மனைவி ஆறாயிக்கு இது பிரசவ மாதம்.

"இன்னிக்கு ரயில் ஏறினாத்தாங்க போய்ச் சேரலாம்," என்றார் பழனிமுத்து.

"ஆறுதலாய்ப் பாப்பம்," என்று தலைவர் கருணையுடன் ஒத்திவைத்தார்.

இரண்டாம் விடயம், டார்ஜிலிங் மலைப்பயணச் சங்கத்தின் கடிதம். குளிரில், மலைப்பாதையில், முதுகில் சுமையோடு நடந்த அனுபவம் உள்ளவர்களை மட்டுமே சேர்ப்பார்களாம். விபரம் இன்று நாலு மணித் தபாலில் போகவேண்டும்.

"நான் அறுபத்திமூணு நாளா ஐஸில காலை வெச்சீக்கிறன்," என்றார் ஹாஷிம்.

"நடக்கேல்லையே," என்றார் ஐறீன் டீச்சர்.

"வாளியோட எப்பிடி டீச்சர் நடக்கிற?"

தலைவரிடம் சுமைப் பயிற்சி இருந்தது. தினமும் பழனிமுத்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவார்; தலைவர் பின்னால் வந்து மூச்சு வாங்குவார். ஆனால் அது மலையல்ல.

"ஐயா," என்றார் பழனிமுத்து மறுபடியும், "ஸ்டேஷன்ல எறங்கி ஏழு மைல் மலை ஏறணுங்க. மழை புடிச்சிட்டா வழியே இருக்காதுங்க."

"ஏழு மைலோ? கார் போகாதோ?"

"ஆடுகூட யோசிச்சுத்தான் போகும் ஐயா."

"சாமான் சட்டி ஏதும் தூக்குவியா?" என்றார் ஹாஷிம்.

"அரிசி மூட்டைங்க. இந்த வாட்டி புள்ளைக்கு ஒரு கம்பளியும்."

"குளிரோ?" என்றார் தலைவர்.

"வெரலு மரத்துப்போகும். அட்டை கடிச்சாக்கூடத் தெரியாதுங்க."

"சறுக்கினால்?" என்றார் ஐறீன் டீச்சர்.

"சறுக்கினா கீழ ஆறு இருக்குங்கம்மா."

ஹாஷிம் வாளியிலிருந்து கால்களை வெளியே எடுத்தார். கழக வரலாற்றில் அது முதல் தடவை. வாளி கவிழ்ந்து தண்ணீர் மாடிப்படி வரை ஓடியது.

"செக்கிறட்டறி, எழுதுங்கோ!" என்று தலைவர் துள்ளி எழுந்தார்.

"ஆர் நடந்ததெண்டு எழுதிறது?" என்றேன்.

"குறிப்பேட்டைப் பாருங்கோ. அறையில ஆர் ஆர்?"

பார்த்தேன். நால்வர். ஆகவே மழை, மூட்டை, அட்டை அனைத்தையும் நால்வரும் சரிசமமாக அனுபவித்ததாக, ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதினேன்.

"நான் ஆத்துப் பக்கம் நடக்கேல்லை எண்டு போடுங்கோ," என்றார் ஐறீன் டீச்சர். "வீட்டில ஏசுவினம்."

திருத்தம் ஏற்கப்பட்டது. கையொப்பமிடுமுன் தலைவர் கடிதத்தை உரக்க வாசித்தார். ஆறு வந்த இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது.

"அப்ப என் லீவுங்க ஐயா?"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏகமனதாக முடிவெடுத்தோம். விண்ணப்பத்தின் ஓரத்தில் அழகிய கையெழுத்தில் பதிந்தேன்: "நிராகரிக்கப்பட்டது. இத்துணை உயிராபத்தான பாதையில் ஓர் ஊழியரைத் தனியே அனுப்பக் கழகத்தின் மனச்சாட்சி இடம் தரவில்லை."

பின்னர் எங்கள் அனுபவத்தை உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, தபாற்கந்தோருக்குக் கொண்டுபோகும்படி பழனிமுத்துவிடம் கொடுத்தேன்.

"படியில ஈரம்," என்று தலைவர் பின்னாலிருந்து கத்தினார். "கடிதம் கவனம்!"