மரங்கொத்தி வைத்த புள்ளி

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கிற ஒரே மரத்தடியில், புலி ராஜா ஒரு மருந்து மெஷினைத் திறந்து வைத்தார். அதற்கு ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதியது மரங்கொத்தி. கீபோர்டைக் கொத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதிலும் புள்ளி வைப்பதென்றால் அதற்கு உயிர்.

மெஷினுக்குள் 'மருந்து' என்றொரு அலமாரி. அதன் அறைகளில் காய்ச்சல், இருமல், பேதி என்று பெயர் ஒட்டியிருக்கும். வருகிறவர் தட்டும் பெயர் 'நோய்' என்ற டப்பாவில் விழும். டப்பாவைத் திறந்து பார்த்து, உள்ளே இருக்கும் பெயருக்கான அறையிலிருந்து மருந்தைத் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் ஆளாக ஒரு முள்ளம்பன்றி ஓடி வந்தது. அதன் குட்டிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. 'காய்ச்சல்' என்று தட்டியது. திரையில் 'அன்டிஃபைன்ட்' என்று வந்தது.

"அப்படின்னா என்ன தம்பி?"

"அப்படி ஒண்ணு இல்லைன்னு அர்த்தம்மா" என்றது மரங்கொத்தி.

"காய்ச்சல் இல்லையா? நீ வந்து என் புள்ளையைத் தொட்டுப் பாரு!"

மரங்கொத்தி எழுதியிருந்தது 'மருந்து.நோய்' என்று. புள்ளி வைத்தால் மெஷின் டப்பாவைத் திறக்காது. 'நோய்' என்றே பெயர் ஒட்டிய அறையைத்தான் தேடும். அப்படி ஓர் அறை கிடையாது. 'மருந்து[நோய்]' என்று சதுர அடைப்புக்குறி போட்டிருந்தால் குட்டிக்கு அப்போதே மருந்து கிடைத்திருக்கும். ஆனால் தன் புள்ளி தப்பென்று எந்த மரங்கொத்தி ஒத்துக்கொள்ளும்? இல்லாத அறையைக் கட்டிவிட்டால் போயிற்று என்று, 'நோய்' என்ற பெயரிலேயே ஓர் அறையைச் செய்து, கைக்குக் கிடைத்த விளக்கெண்ணெயை அதில் நிரப்பியது.

அன்டிஃபைன்ட் ஒழிந்தது. இருமலுக்கு விளக்கெண்ணெய். பல்வலிக்கு விளக்கெண்ணெய். காய்ச்சலுக்கும் அதேதான்.

"பிழையே வராத மெஷின்!" என்று புலி ராஜா மரங்கொத்திக்குப் பொன்னாடை போர்த்தினார்.

முள்ளம்பன்றி புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டது. 'தங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்தது. குட்டிக்கோ தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிந்தது. கையில் மெஷின் கொடுத்த விளக்கெண்ணெய்ப் புட்டி. குகை அரண்மனையின் சமையலறையில் ராஜாவுக்கு ஆட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி நேராக உள்ளே போய் முழுப் புட்டியையும் அதில் கவிழ்த்தது.

மதியத்துக்குள் ராஜா குகைக்கும் புதருக்குமாக அலைய ஆரம்பித்தார். கடைசியில் மெஷின் முன்னால் தள்ளாடி வந்து 'பேதி' என்று தட்டினார். மெஷின் விளக்கெண்ணெய் கொடுத்தது. மெஷின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. குடித்தார்.

"யோவ் மரங்கொத்தி!" என்று புதருக்குள்ளிருந்து வந்த உறுமலில் காடே கிடுகிடுத்தது.

அடுத்த நிமிஷமே புள்ளி போய் அடைப்புக்குறி வந்தது. ராஜாவுக்கு மாதுளைத் தோல் கஷாயம் கிடைத்தது. அவருக்குப் பின்னாலேயே வரிசையில் நின்ற முள்ளம்பன்றிக்கு நிலவேம்புக் கஷாயம் கிடைத்தது. சாயங்காலம் குட்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது.

இவ்வளவு வேகமாகப் பிழை திருத்தியதற்காக மரங்கொத்திக்கு இன்னொரு பொன்னாடை.

நீதி: பிழையைப் புகார்ப் பெட்டியில் போட்டால் பதில் வரும்; புலியின் சூப்பில் போட்டால்தான் மருந்து வரும்.