பூரிக்கு ஒரு பாட்டு

முதலில் ஒரு விடுகதை. தட்டையாகப் போவாள், குண்டாக வருவாள். குத்தினால் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்வாள். அவள் யார்?

பூரி. பிள்ளையார்பாளையத்து நெசவாளி குமரகுருவைக் கேட்டிருந்தால் கேள்வி முடியும் முன்பே சொல்லியிருப்பான். தறியில் உட்கார்ந்தாலும் அவனுக்குப் பூரி நினைப்புதான்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிறு காலைப் பலகாரம் என்ன என்பதை ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அபிதான் சொல்ல வேண்டும். அவளோ வாராவாரம் உப்புமா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அதன்மேல் சர்க்கரை தூவுவாள்.

இந்த வாரம் விடுவதில்லை என்று குமரகுரு கவிஞனானான். சனிக்கிழமை காலை, தறிச் சத்தமே தாளமாக, பாட்டுப் பிறந்தது.

‘உருண்டையாய்ப் பிறந்தாள்,
வட்டமாய் வளர்ந்தாள்,
எண்ணெயில் குளித்தாள்,
பொன்னாக எழுந்தாள்.’

அவனுக்கே நாக்கில் எச்சில் ஊறியது. அபி கேட்டால் சொக்கிப்போவாள்.

ஆனால் கரையையும் உடலையும் தனித்தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி சங்கரி.

“இன்னாங்க, பாட்டா?”

“சும்மா.”

“பூரி சுட்டா அடுப்பாண்ட வேர்த்துக்கினு நிக்கிறது நானு. நீங்க உள்ள தள்ளிக்கினே இருப்பீங்க.” நாடாவைத் தள்ளினாள். “ஆனா பாட்டு நல்லாத்தான் இருக்குது.”

குமரகுருவின் கை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ‘நல்லா’ வந்ததில்லை.

“நெசமாவா?”

“ஆமா. ஒரு பேர் வெச்சா இன்னும் நல்லா இருக்கும்.”

“பூரணி.”

“அழகா இருக்குதுங்க. பூரணிக்கு அம்மா இல்லியா?”

“ஏன் இல்ல? கோதுமை அம்மா.”

“எண்ணெயில எறங்கறப்போ கொழந்த ஒண்ணும் சொல்லாதா?”

குமரகுருவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாடாவைக் கீழே வைத்துவிட்டான். வரிகள் வந்துகொண்டே இருந்தன. சாயங்காலம்வரை புடவை ஒரு விரற்கடைகூட நகரவில்லை. சங்கரி அதற்குக்கூடத் திட்டவில்லை. அப்போதாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை அபியை மடியில் உட்கார வைத்துக் கையை வீசிப் பாடினான்.

‘கோதுமை அம்மா மடியை விட்டுக்
குட்டிப் பூரணி புறப்பட்டாள்;
சுடுதே அம்மா என்று சொல்லிச்
சட்டிக்குள்ளே சுழன்று வந்தாள்.’

குரல் தழுதழுக்கப் பாடி முடித்தான். அபி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“பூரணி ஸ்கூலுக்குப் போவாளாப்பா?”

“அதுக்குள்ள நாம பொரிச்சிடுவோம்மா.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? பிச்சு, கெழங்கு தொட்டு…”

அபியின் உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“அவங்க அம்மா தேட மாட்டாங்களா?”

குமரகுரு சமையலறைப் பக்கம் பார்த்தான். அடுப்பில் வாணலி ஏறியிருந்தது. அதில் எண்ணெய் இல்லை; ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது.

“பாட்டுதாம்மா அது. சும்மா அப்பா கட்டினது.”

அபி கேட்கவில்லை. அம்மாவிடம் போய் நின்றாள்.

“உப்புமாவுக்கு அம்மா, அப்பா இருக்காங்களாம்மா?”

“இல்ல கண்ணு. அதுக்கு யாரும் பாட்டு எழுதல,” என்றாள் சங்கரி, திரும்பாமல் கிளறிக்கொண்டே.

அபி உப்புமா வேண்டும் என்றாள்.