மச்சினி கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்ட கதை

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டில் எல்லா ஆண்களும் ஏதோ ஒரு பொய் சொல்கிறார்கள். ஒருவர் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார். ஒருவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்பார். நான் சொன்ன பொய், என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது என்பது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வீடு தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில். தினமும் காலையில் ரயில் பிடித்து பெங்களூர் போய், ஓர் ஆபீசில் சர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. அவற்றில் எல்லாம் லினக்ஸ். விண்டோஸ் செய்கிற அதே வேலையைச் செய்கிற இன்னொன்று, இலவசம். அதைக் கற்றுக்கொள்கிறவர்களில் சிலருக்கு ஒரு வியாதி வரும். பார்க்கிறவர்களை எல்லாம் மாறச் சொல்வார்கள். எனக்கு அது முற்றியிருந்தது. ரயிலில் என் எதிர் சீட்டில் உட்காருவதை இரண்டு பேர் நிறுத்தியே விட்டார்கள்.

ரேவதியோடு எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் அப்பாவுக்குப் பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக்கடை. கடைக்கு மேலேயே வீடு. ரேவதியின் தங்கை ஜனனி இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஒரு நாள் ஜனனி போனில், தன் கம்ப்யூட்டரில் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்றும், வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காலேஜ்களுக்கு இடையே ஆன்லைன் மேட்ச் இருக்கிறது என்றும் சொன்னாள். ஐந்து பேர் டீம். ஒருவர் வராவிட்டாலும் டீமையே நீக்கிவிடுவார்களாம்.

நான் சந்தோஷப்பட்டேன் (அவள் கஷ்டத்துக்கு இல்லை, எனக்குக் கிடைத்த சந்தர்ப்பத்துக்கு). லினக்ஸ் போட்டால் அதே கம்ப்யூட்டர் பறக்கும் என்றேன். என் வீட்டில் விண்டோஸே கிடையாது, எல்லா கேமும் லினக்ஸில்தான் ஆடுகிறேன் என்றேன். எந்த கேம் என்று மட்டும் கேட்கவில்லை. நோயாளிக்கு என்ன வியாதி என்று கேட்காமல் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் போன டாக்டர் நான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் பென் டிரைவோடு போய் இறங்கினேன். புதுச் சட்டை. வீட்டு போட்டோக்களை எல்லாம் பத்திரமாக இன்னொரு டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸைச் சுத்தமாக அழித்தேன். முக்கால் மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிட்டது. ஜனனியிடம் ஏற்கெனவே இருந்த ஒரு கார் ரேஸ் கேமைப் போட்டுக் காட்டினேன். முதல் தடவை திறக்க ரொம்ப நேரம் எடுத்தது. முதல் தடவை அப்படித்தான், கேம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்று விளக்கினேன். அது உண்மையும்கூட. திறந்த பிறகு அபாரமாக ஓடியது. திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டும் எண் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. என் வருங்கால மாமனார் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு மேலே வந்து, பின்னால் கை கட்டிக்கொண்டு பார்த்தார். அத்தை கேசரி கொடுத்தார். கதவோரம் ரேவதி சிரித்துக்கொண்டு நின்றாள். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாற்பது நிமிடங்கள் என்று அவற்றைத்தான் சொல்வேன்.

பிறகு ஜனனி, "மாமா, இப்ப மேட்ச் கேமை ஏத்துங்க" என்று அதன் பெயரைச் சொன்னாள்.

கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அந்த கேம் எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது திருட்டுத்தனமாக ஆடுகிறார்களா என்று பார்க்க அதற்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். லினக்ஸைக் கண்டால் அவன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோரமண்டலில் என் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில், லினக்ஸுக்குப் பக்கத்திலேயே, இந்த ஒரே கேமுக்காக நான் விண்டோஸ் வைத்திருந்தேன்.

ஒரு நல்ல மனிதன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து டைப் அடிக்க ஆரம்பித்தேன். உபயோகமே இல்லாத கட்டளைகள். இருக்கிற ஃபைல்களின் பெயர்களை வரிசையாகக் காட்டச் சொன்னேன். திரை முழுக்க எழுத்துகள் ஓடின. மாமனார் அசந்துபோய், இதெல்லாம் படித்தவர்களால்தான் முடியும் என்று அத்தையிடம் சொன்னார். அத்தை ஜூஸ் கொண்டு வந்தார். ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. நடுவில் திரும்பவும் விண்டோஸையே போட்டுவிடலாம் என்று இறக்கிப் பார்த்தேன். அந்த வீட்டு இன்டர்நெட் அதற்கு ஐந்து மணி நேரம் கேட்டது.

மணி ஒன்றே முக்கால். ஜனனி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. டீம் பெண்களுக்குப் போன் செய்து, தான் வர முடியாமல் போகலாம் என்று மெதுவாகச் சொன்னாள். மூன்று மாதமாகக் காலேஜ் விட்டு வந்ததும் ஆடிப் பழகியிருக்கிறாள். பெண்கள் மட்டும் இருக்கிற ஒரே டீம் அவர்களுடையதுதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுமுனையில் ஒருத்தி ஏதோ கத்தினாள். "இல்லடி, மாமா நல்லதுக்குதான் பண்ணாரு" என்றாள் ஜனனி.

அந்த வார்த்தைதான் என்னை உடைத்தது.

"எங்க வீட்ல போனா ஆடலாம்" என்றேன்.

"உங்க வீட்லயும் லினக்ஸ்தான மாமா?"

"விண்டோஸும் இருக்குது."

கீழே கடையில் யாரோ ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரேவதி கதவோரத்திலிருந்து உள்ளே வந்து என்னை உற்றுப் பார்த்தாள். மாமனாருக்கு லினக்ஸ், விண்டோஸ் எதுவும் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக வியாபாரம் பார்க்கிறவர். எவர்சில்வர் என்று சொல்லி வேறு எதையோ தலையில் கட்ட வந்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கடை வண்டியின் சாவியை எடுத்தார்.

"வாங்க போலாம். அங்க வந்து ஆன் பண்ணி காட்டுங்க மாப்ள."

சாமான் ஏற்றும் குட்டி யானை வண்டி. முன்னால் மாமனாரும் ஜனனியும். பின்னால் குக்கர் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நானும் ரேவதியும். நிச்சயம் ஆன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து போன முதல் பயணம் அது. வழி முழுக்க அவள் பின்னால் ஓடுகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒரு பெட்டியின் மேல் இருந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன். ஐந்து லிட்டர், உள்மூடி.

எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தார். நிச்சயம் முடிந்த பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வண்டி எடுத்துக்கொண்டு வந்தால் யாருக்கும் ஓர் அர்த்தம்தான் தோன்றும். "இன்னா ஆச்சி? இவன் இன்னா பண்ணான்?" என்று கேட்டார். என்னைப் பெற்றவர் இல்லையா, சரியாகத்தான் கேட்டார்.

எல்லோரும் என் அறைக்குள் வந்தார்கள். கட்டிலில் காய்ந்த துணி மலை. கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். முதலில் ஒரு பட்டியல் வரும். எதற்குள் போக வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றையும் தொடாவிட்டால், பத்து எண்ணிவிட்டு, நாம் முன்பே சொல்லி வைத்ததற்குள் தானாகப் போகும். அப்பா தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஒவ்வொரு லெவல் ஆழத்துக்கும் கொண்டு போகும் கேஜ் என்ற கூண்டை இறக்கி ஏற்றும் வேலை பார்த்தவர். திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு லெவல் போட்டிருக்குது, எதுல எறங்கணும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பத்து எண்ணி முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் தானாக விண்டோஸுக்குள் போனது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கேமைத் திறந்ததும் என் கணக்கில் நான் ஆடிய விவரம் பெரிய எழுத்தில் வந்தது. கடைசியாக ஆடியது நேற்று மாலை. தொடர்ந்து நான்கு மணி நேரம்.

வண்டி ஏறியதிலிருந்து முதல் முறையாக ரேவதி வாய் திறந்தாள். "நேத்து ஆபீஸ்ல இருந்து வந்ததும் தலவலி, தூங்கப் போறேன்னு சொன்னீங்க."

மாமனார் துணி மலையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

ஜனனி தன் கணக்கில் நுழைந்து, மூன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது டீமில் சேர்ந்தாள். அதன் பிறகு நான் பார்த்தது வேறு பெண். தூரத்தில் நின்று குறி பார்த்துச் சுடுவது அவள் வேலை. பழக்கமில்லாத மவுஸ், ஒரு பக்கம் சாய்ந்த நாற்காலி, பின்னால் ஐந்து பேர். எதையும் அவள் கவனிக்கவில்லை. நான் நானூறு மணி நேரம் ஆடியும் கற்றுக்கொள்ளாததை முதல் பத்து நிமிடத்தில் செய்து காட்டினாள். யார் நம்ம ஆள், யார் எதிராளி என்று மாமனாருக்குக் கடைசி வரை புரியவில்லை. இருந்தாலும் ஜெயித்ததும் எழுந்து நின்றுவிட்டார். அம்மா எல்லோருக்கும் காபி போட்டார். எனக்கு மட்டும் கடைசியில் வந்தது.

அடுத்த சுற்றில் அவர்கள் தோற்றார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை என்று ஜனனி இன்றுவரை சொல்கிறாள். மறுவாரம் நான் போய் அவள் கம்ப்யூட்டரில் விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். மாமனார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, முடிகிற வரை நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி வரவில்லை.

கல்யாணம் நடந்தது. ரேவதி பத்து நாள் யோசித்தாள் என்று பிற்பாடு ஜனனி மூலமாகத் தெரிந்தது. இப்போது என் கம்ப்யூட்டரில் நிஜமாகவே லினக்ஸ் மட்டும்தான். பெரும்பாலான கேம்கள் நன்றாகவே ஓடுகின்றன, சில விண்டோஸைவிட நன்றாக. காவல்காரன் உள்ள சில கேம்கள் இன்னும் ஓடுவதில்லை. அவற்றை ஆடுவதில்லை. இதை நான் வீட்டில் எவ்வளவு சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

நான் எதை அடித்துச் சொன்னாலும் இரண்டு குடும்பத்திலும் ஒரே பதில்தான். ஆபீசில் என்னைப் பாராட்டினார்கள் என்று சொன்னால், ஆன் பண்ணி காட்டுங்க என்பாள் ஜனனி. பாத்திரம் கழுவிவிட்டேன் என்றால் அம்மாவும் அதையே சொல்வார். போன மாதம் ரேவதியோடு டாக்டரிடம் போயிருந்தேன். தினமும் நடக்கிறீர்களா என்று கேட்டார். தவறாமல் அரை மணி நேரம் என்றேன்.

"ஆன் பண்ணி காட்டச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் ரேவதி.

டாக்டருக்கு எதுவும் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் எழுந்து வந்து, எடை பார்க்கும் மெஷினை என் பக்கம் நகர்த்தி, ஏறி நில்லுங்கள் என்றார்.