எலுமிச்சை ஜாடிக்கு வைத்த சீல்

பென்னலூர்
18.6.2012

மணிமங்கலத்தில் இருக்கும் அக்கா சந்திரம்மாளுக்கு, தம்பி தாண்டவராயன் கைகூப்பி எழுதுவது. மாமாவின் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

வெள்ளிக்கிழமை என் பையன் அன்புவின் நிச்சயதார்த்தத்துக்குச் சீர்த்தட்டு வாங்கிவிட்டாயாமே. அதைத் தூக்கிப் பரண்மேல் வை. இந்தச் சம்பந்தம் வேண்டாம். போனில் சொல்லலாமென்றால், பெண் என் வீட்டு மாடியறையில்தான் குடியிருக்கிறாள், காது கூர்மை. அதனால்தான் கடிதம்.

ஆறு வருஷமாக ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறவன் நான், மானேஜரின் சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து பார்க்காமல் விட்டதில்லை, என் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறாள் இந்த முத்துச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அன்பு வேலை பார்க்கும் அசெம்பிளி லைனில்தான் அவளுக்கும் வேலை, கைமணம் அபாரம் என்று இவன் ஒரேயடியாகத் தூக்கிவைத்துப் பேசினானே, சரி, கையைக் காட்டட்டும் என்று எலுமிச்சை ஊறுகாய் போடச் சொன்னேன். கண்ணாடி ஜாடியைத் துணியால் துடைத்தாள், பழத்தை நறுக்கினாள், உப்பைக் கொட்டினாள், மூடினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஜாடியில் பாதி தண்ணீர், பழமெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது! கேட்டால், “ஒரு சொட்டுத் தண்ணி சேக்கல மாமா, உப்பு போட்டா தானா ஊறிரும்லா” என்கிறாள். சரோஜா உயிரோடு இருந்தவரை ஊறுகாயை நான் இலையில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டாள்.

அதோடு போகவில்லை. பாயசத்துக்கென்று வற்றல் திராட்சையைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். மதியம் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று பருத்திருக்கிறது. இந்தப் பக்கம் எலுமிச்சையிலிருந்து சரக்கு வெளியே போயிருக்கிறது, அந்தப் பக்கம் திராட்சைக்குள் சரக்கு வந்திருக்கிறது. கேட்டில் நின்றவனுக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? உடனே லாரிக் கதவுக்கு ஒட்டுகிற சீல் ஒன்றை (அது என் சட்டைப்பைக்குள் எப்படி வந்தது என்பது வேறு விஷயம்) ஜாடி மூடியில் ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். மூன்று நாள். சீல் அப்படியே இருக்கிறது, உள்ளே தண்ணீர் இன்னும் ஏறியிருக்கிறது! டூப்ளிகேட் சீல் வைத்திருக்கிறாள், அக்கா.

பயாலஜி படிக்கிற என் மகள் எழிலரசி வக்காலத்து வாங்க வந்தாள். “தண்ணி வெளிய இருந்து வர்லப்பா, பழத்துக்குள்ள இருந்ததுதான் வெளிய வந்துகீது. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சவ்வு கீது. அதுதான் கேட்டு. தண்ணி ஈசியா பூந்து போவும், உப்பு அவ்ளோ ஈசியா போவாது. எந்தப் பக்கம் உப்போ சக்கரையோ ஜாஸ்தியோ, தண்ணி அந்தப் பக்கம் ஓடும்.” ஆள் பார்த்து விடுகிற கேட்டா என்றேன். “ஆமா, சிலதை செல்லே தெம்பு செலவு பண்ணி உள்ள இழுத்துவுடும்.” கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிற வாட்ச்மேன், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டவன்தானே? அன்பு மட்டும், “யப்பா, டூட்டிய கேட்டோட வுட்டுட்டு வூட்டுக்கு வா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். நேற்றிலிருந்து பேச்சு இல்லை. எனக்கு இருப்பது ஒரே பையன். அவனை ஒருத்தி ஏமாற்றிவிடுவாளோ என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை வராதே. மாமாவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

உன் தம்பி,
தாண்டவராயன்

பி.கு.: இதை உறையின் முதுகில் எழுதுகிறேன். ஒட்டி, குறுக்கே கையெழுத்தும் போட்டாயிற்று. சீலை உடைக்க மனசு வரவில்லை. தபால்காரர் படித்தால் படிக்கட்டும். இன்று டூட்டியில் நானே ஒரு எலுமிச்சையை நறுக்கி, உப்புப் போட்டு, டிபன் பாக்ஸில் வைத்து என் லாக்கரில் பூட்டினேன். சாவி என் அரைஞாண்கயிற்றில். ஷிப்டு முடிந்து திறந்தால் தண்ணீர். ரிஜிஸ்டரை இரண்டு முறை புரட்டினேன், என்னைத் தவிர லாக்கர் அறைக்குள் யாரும் போகவில்லை. வீட்டுக்கு வந்து அன்புவிடம் மன்னிப்புக் கேட்டேன். முத்துச்செல்வி எனக்குச் சோறு போட்டு, அந்த ஊறுகாயையும் வைத்தாள். சரோஜா கைப்பக்குவம் அப்படியே இருந்தது அக்கா, கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சீர்த்தட்டோடு விடிந்ததும் வந்துவிடு. உள்ளே இருப்பதைப் பிரிக்காமலே அடுப்பில் போடு.